சூடேறிய லாரி எஞ்சின் மீண்டும் கிளம்ப மறுப்பது ஏன்?

கிராமத்தில் ஒரு லாரி நின்றுவிட்டால், அதனால் துன்பமடைவோர் அதன் சொந்தக்காரர் மட்டுமல்லர். சந்தைக்குச் செல்ல வேண்டிய காய்கறி வாடுகிறது, பால் திரிகிறது, பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தவிக்க நேரிடுகிறது. காலையில் முதல் சுற்றிலேயே கிளம்பிய வண்டி, நடுப்பகலில் சந்தை வாசலில் அரைமணி நேரம் நின்றபின் எவ்வளவு முயன்றும் கிளம்பாமல் அடம்பிடிப்பதை நம்மில் பலர் கண்டிருக்கின்றனர். ஒரு மணி நேரம் சென்றபின், யாரும் ஒன்றும் செய்யாமலே, அதே வண்டி சாதுவாகக் கிளம்பிவிடுகிறது. இதைக் கண்டு “வண்டிக்கு வேளை சரியில்லை” என்று கூறிவிடுவது எளிது. ஆனால் இயந்திரத்திற்கு வேளையும் நாளும் கிடையா. அது காரணமின்றி நிற்பதுமில்லை, காரணமின்றி ஓடுவதுமில்லை. அக்காரணத்தை முறையாகத் தேடிக் காணும் வழியை இக்கட்டுரையில் விளக்குவோம்.

எவ்வகை வண்டிகளுக்கு இது பொருந்தும்?

கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றியே இங்குக் கூறுகிறோம். நம் நாட்டில் ஒரு காலத்தில் லாரிகளிற் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடியவையே. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928இல் பம்பாயில் தொழிற்சாலை நிறுவி, 1954 வரை ஷெவர்லே லாரிகளைக் கூட்டிணைத்து வந்தது. டாட்ஜ், பார்கோ, பெட்போர்டு லாரிகளும் நம் சாலைகளில் ஓடின. 1954இல் டாட்டா நிறுவனம் பென்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்ததும், 1955இல் எண்ணூரில் அசோக் லேலண்டு தோன்றியதும் டீசல் லாரியின் காலத்தைத் தொடங்கி வைத்தன. எனினும் வில்லிஸ் இனத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஜீப்புகளும், அவற்றின் எஞ்சினைக் கொண்ட சிறு பாரவண்டிகளும் நெடுங்காலம் கிராமங்களில் உழைத்தன. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபின், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றாலே மக்கள் மனத்தில் தோன்றியது அந்த ஜீப்தான்.

2023 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, 15 ஆண்டு நிறைந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப் பெறுவதில்லை. ஆதலின் இன்று எஞ்சியுள்ள பழைய வண்டிகள் பெரும்பாலும் விவசாயிகளிடமும், தோட்டக்காரர்களிடமும், பழைய வண்டிகளைப் பேணிக் காப்போரிடமுமே உள்ளன. கார்புரேட்டர் கொண்ட பழைய வேன்களுக்கும், பெட்ரோலில் ஓடும் சிறு நீரிறைக்கும் எஞ்சின்களுக்கும் இக்கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தும்.

எஞ்சினை நிறுத்தியபின் நிகழ்வது யாது?

எஞ்சினை நிறுத்தியதும் அது குளிரத் தொடங்குகிறது என்பது பலருடைய எண்ணம். உண்மை வேறு. வண்டி ஓடும்போது விசிறி காற்றை வீசுகிறது. தண்ணீர் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே சுற்றுகிறது. கார்புரேட்டரின் உள்ளே பெட்ரோல் ஆவியாவதால் அதுவும் குளிர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பி நிறுத்தியவுடன் இம்மூன்றும் நின்றுவிடுகின்றன. ஆனால் புகைபோக்கிக் குழாயிலும் இரும்புப் பகுதிகளிலும் தேங்கிய வெப்பம் எங்கும் போய்விடவில்லை. அது மெல்லப் பரவிக் கார்புரேட்டரையும், பெட்ரோல் பம்பையும், குழாய்களையும், காயிலையும் சூடாக்குகிறது. ஆகவே நிறுத்திய பத்து நிமிடம் முதல் அரைமணி நேரம் வரையில், போனட்டின் கீழுள்ள இப்பொருள்கள் வண்டி ஓடியபோது இருந்ததைவிட அதிகச் சூட்டுடன் இருக்கின்றன. வண்டி அடம்பிடிப்பதும் பெரும்பாலும் அந்நேரத்திலேதான்.

பெட்ரோல் தண்ணீரைப்போல் ஒரே சூட்டில் கொதிக்கும் பொருளன்று. பலவகை எண்ணெய்கள் கலந்த அது, சுமார் 35 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கத் தொடங்கிச் சுமார் 200 டிகிரி வரையில் படிப்படியாக ஆவியாகிறது. சித்திரை வெயிலில் வேலூரிலும் கரூரிலும் நிழலிலேயே 40 டிகிரி காணும் நாள்கள் உண்டு. அத்தகைய நாளில் போனட்டின் கீழ் பெட்ரோல் கொதிப்பதில் வியப்பு என்ன?

கோளாறுகள் ஐந்து வகை

சூட்டில் கிளம்பாத வண்டியின் குறையை ஐந்து வகையில் அடக்கலாம்.

1. பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி எஞ்சினுள் இறங்கியிருத்தல்.
2. பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக் கொள்வதால், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராதிருத்தல்.
3. சூட்டினால் மின்பொறி நலிந்தோ அற்றோ போதல்.
4. ஸ்டார்ட்டர் எஞ்சினைப் போதிய வேகத்தில் சுற்றாதிருத்தல்.
5. வால்வுகள் சரியாக மூடாமல், அழுத்தம் குறைந்து போதல்.

இவை ஒவ்வொன்றிற்கும் நிவாரணம் வேறு. முதல் வகைக்குச் செய்யும் வைத்தியம் இரண்டாம் வகைக்குப் பயன்படாது. காரணத்தை அறியாமல் புதுக் கார்புரேட்டர், புதுக் காயில், புதுப் பாட்டரி என ஒவ்வொன்றாக வாங்கிப் போடுவதனால் பணம் விரயமாகிறது. கோளாறோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முதலில் ஜாக்கிரதை

சோதனைக்கு முன் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளவேண்டும். வண்டியைக் கியரிலிருந்து விடுவித்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்திற்குக் கல் வைக்க வேண்டும். பீடி, சிகரெட்டு, விளக்கு எதுவும் அருகில் வரலாகாது. ஒரு வாளி மணலோ, உலர்பொடித் தீயணைப்பானோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால், பெட்ரோல் மிதந்து தீ பரவும்.

கார்புரேட்டரின் வாயில் கையால் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். எஞ்சின் எதிர்த்து வெடித்தால் தீ நாக்கு கார்புரேட்டர் வழியே மேலே பாயும்; ஊற்றுபவரின் கையிலும் முகத்திலும் தீக்காயம் படும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும் அவ்வாறே ஆபத்தானது. மூடியின் அழுத்தத்தினால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும்; மூடி திறந்த கணத்தில் அது பொங்கிப் பாயும். ஹேண்டில் போட்டுக் கிளப்புவோர் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால், மறுபக்கம் வைத்த கட்டை விரல் ஒடியும்.

சோதனை முறை

இக்கோளாறைச் சூடாயிருக்கும்போதே பிடிக்க வேண்டும். மறுநாட்காலை மெக்கானிக்கிடம் கொண்டுசென்றால், குளிர்ந்த வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பும். அவரும் என்ன காண்பார்? எனவே நின்ற இடத்திலேயே கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்க வேண்டும். பிளக் ஸ்பானர் ஒன்று, நல்ல பிளக் ஒன்று, வோல்ட் மீட்டர் ஒன்று, சிறிது துணி, குடத்துத் தண்ணீர் இவையே போதுமான கருவிகள்.

முதற்படி: ஸ்டார்ட்டரின் ஓசையைக் கேளுங்கள். காலையில் சுற்றும் வேகத்திலேயே இப்போதும் சுற்றுகிறதா? வேகம் குறைந்து முனகினால், பெட்ரோலைத் தேட வேண்டியதில்லை. நான்காம் வகையைப் பாருங்கள்.

இரண்டாம்படி: ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றினால், போனட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறதா? கார்புரேட்டரின் வெளிப்புறம் நனைந்திருக்கிறதா? அங்ஙனமாயின் முதல் வகையைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம்படி: காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை இயக்காமல், ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் ஒருமுறை இழுத்துக் கார்புரேட்டரின் தொண்டையுள் பாருங்கள். பீச்சும் பம்பு உள்ள கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு மெல்லிய தாரையாகப் பாயவேண்டும். பாய்ந்தால், மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் உண்டு. பாயாவிட்டால் கிண்ணம் வறண்டிருக்கக் கூடும். இது இரண்டாம் வகையின் அடையாளம். ஆனால் பீச்சும் பம்பே கெட்டிருந்தாலும் தாரை வராது. குளிர்ந்த வேளையில் தாரை வருகிறதா என்பதை முன்னரே ஒருநாள் பார்த்து வைத்திருந்தால் இந்த ஐயம் எழாது. பார்த்தபின் வடிகட்டியைத் திரும்பப் பொருத்திவிட வேண்டும்.

நான்காம்படி: மின்பொறியைப் பாருங்கள். எஞ்சினிலுள்ள பிளக்குகளைக் கழற்றாமல், ஒரு பிளக்கின் கம்பியை மட்டும் எடுத்து, கையிலுள்ள நல்ல பிளக்கிற் பொருத்தி, அதன் உலோகப் பகுதியைக் கார்புரேட்டருக்குத் தொலைவில் எஞ்சினின் வெறும் இரும்பில் படியுமாறு வையுங்கள். பெட்ரோல் வாசனை வீசிக்கொண்டிருந்தால், அது கலையும் வரையில் பொறுத்திருந்தே இதைச் செய்ய வேண்டும். பிளக்கைக் கையிற் பிடிக்கக் கூடாது. ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கும்போது நீலநிறத்தில் ‘சடக் சடக்’ என்று பொறி பாய்ந்தால் மின்பகுதி நலம். மெல்லியதாய் மஞ்சளாய்ப் பாய்ந்தாலோ, பாயாவிட்டாலோ மூன்றாம் வகை.

ஐந்தாம்படி: ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்து ஈரமாயிருந்தால் பெட்ரோல் மிகுதி. உலர்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பொறியும் பெட்ரோலும் சரியாயிருந்தும் கிளம்பாவிட்டால், ஐந்தாம் வகையான வால்வைக் கவனிக்க வேண்டும்.

பெட்ரோல் மிகுதியானால்

நிறுத்திய வண்டியின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும்போது, அந்த ஆவியின் அழுத்தம் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. அது சொட்டுச் சொட்டாக உட்குழாயில் இறங்கித் தேங்குகிறது. அந்நிலையில் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடுவாராயின், ஒவ்வொரு மிதியும் மேலும் பெட்ரோலைப் பீச்சுகிறது. நோய்க்கு மருந்தென்று நஞ்சு கொடுப்பது போலாகிறது.

உடனடி நிவாரணம் எளிது. சோக்கை முழுவதும் திறந்து விடுங்கள். ஆக்சிலேட்டரை அடிவரை ஒரே முறையாக மிதித்து, விடாமல் பிடித்துக் கொள்ளுங்கள். ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி சுற்றுங்கள். தாராளமாகக் காற்றுப் புகுந்து தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். எஞ்சின் முதலில் கறும்புகை கக்கி, பின் சீராகும். கிளம்பாவிட்டால், ஸ்டார்ட்டர் ஆறும்படி ஒரு நிமிடமாவது விட்டு மீண்டும் முயலுங்கள்.

இவ்வாறு செய்து கிளம்பினால், காரணத்தைப் பின்னர்த் தேட வேண்டும். ஊசிவால்வில் தூசி சிக்கியிருக்கலாம். அல்லது அது தேய்ந்திருக்கலாம். பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கலாம். கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலக்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழிகள் கிளம்பும். உள்ளே பெட்ரோல் இருக்கும் மிதவையை ஒருபோதும் நெருப்பில் காட்டிப் பற்றவைக்கக் கூடாது. சோக் தகடு மூடியபடி இறுகிவிடுவதும் உண்டு.

மற்றுமொரு காரணம் பலரது கண்ணில் படுவதில்லை. பல எஞ்சின்களில் கார்புரேட்டருக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே தடித்த பேக்கலைட்டு அல்லது பைபர் துண்டு ஒன்று இருக்கும். வெப்பம் மேலேறாமல் தடுப்பதே அதன் வேலை. பழுது பார்த்தவர்கள் அதை எடுத்தெறிந்துவிட்டு மெல்லிய காகிதப் பாக்கிங்கை வைத்திருப்பதுண்டு. அத்துண்டைத் திரும்ப வைத்தாலே கோளாறு மறைவதைக் காணலாம். வேறு சில எஞ்சின்களில், குளிர்நாட்டின் தேவைக்காகப் புகைபோக்கியின் வெப்பத்தை உட்குழாய்க்குத் திருப்பும் தகடு ஒன்று உண்டு. துருப்பிடித்து வெப்பம் திருப்பும் நிலையிலேயே அது இறுகிவிட்டால், நம் வெயிலில் கார்புரேட்டர் அடுப்பின்மேல் ஏற்றியது போலாகும்.

பழைய பம்பை நீக்கி மின்சாரப் பம்பு பொருத்தியிருந்தால், அதன் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். வில்லிஸ் ஜீப்பின் பம்பு, சதுர அங்குலத்திற்குச் சுமார் 2½ முதல் 3¾ பவுண்டு அழுத்தமே தருவது. இக்காலத்துப் புதுவகை எஞ்சின்களுக்கான பம்பு அதைப்போல் பன்மடங்கு அழுத்தும். ஊசிவால்வு அதைத் தாங்காது.

குழாயில் ஆவி அடைத்தால்

வண்டி உடனே கிளம்பிச் சிறிது தூரம் ஓடித் திணறி நின்றால், அது ஆவி அடைப்பின் தெளிவான அடையாளம். கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீரும் வரையில் ஓடியது. பின் பம்பிலிருந்து வரவில்லை. பம்பு திரவத்தைத் தள்ளுமாறு அமைந்தது. அதனுள் ஆவி நிறைந்துவிட்டால், அது சுருங்கி விரிவதல்லாது நகர்வதில்லை.

இங்கு ஓர் இயற்கை விதியை அறிதல் நன்று. அழுத்தம் குறையும் இடத்தில் எத்திரவமும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. பழைய வண்டியில் பம்பு எஞ்சினருகே இருந்துகொண்டு பின்னாலுள்ள டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. ஆகவே அங்கேயே பெட்ரோல் எளிதில் கொதிக்கிறது. மலைப்பாதையில் பாரம் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு எஞ்சின் சூடும் மிகுதி, காற்றழுத்தமும் குறைவு. எனவே இத்தொல்லை இரட்டிப்பாகிறது. டாங்கி மூடியின் காற்றுத் துளையோ, வடிகட்டியோ அடைபட்டால், உறிஞ்சும் அழுத்தம் மேலும் குறையும். டாங்கி மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று உட்புகுந்து, பின் வண்டி கிளம்பினால், குற்றவாளி அந்தச் சிறு துளையே.

உடனடி நிவாரணமாகப் பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடம் விடுங்கள். ஈரச் சாக்கைப் பம்பில் கட்டும் டிரைவர்களின் பழைய வழக்கம் அறிவுக்கு ஒத்ததே. பம்பின் அடியிற் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதன்மீதும், சூடான புகைபோக்கியின்மீதும் தண்ணீரைக் கொட்டக் கூடாது, விரிசல் காணும்.

நிலையான நிவாரணங்கள் சில உண்டு. குழாயைப் புகைபோக்கியிலிருந்து விலக்கிப் போடுதல், நடுவே ஒரு தகட்டை மறைப்பாக வைத்தல், வெடித்த ரப்பர் குழாய்களையும் நைந்த டயாபிரத்தையும் மாற்றுதல், ரேடியேட்டரையும் விசிறி பெல்ட்டையும் சீராக்கி எஞ்சினின் சூட்டையே குறைத்தல் ஆகியன. இவற்றாலும் தீராவிடில், டாங்கியின் அருகில் குறைந்த அழுத்த மின்சாரப் பம்பு பொருத்தலாம். அது உறிஞ்சாமல் தள்ளுவதால் குழாயில் ஆவி எளிதில் உண்டாகாது. விபத்தின்போது தானே நின்றுவிடும் சுவிட்சு அதற்கு அவசியம் இருக்க வேண்டும்.

மின்பொறி நலிந்தால்

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றத்தில் தடுமாறி, சூடேறியதும் நின்று, ஆறியபின்னரே கிளம்பும் வண்டியில் காயில் அல்லது கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். காயிலின் உள்ளே மெல்லிய கம்பிகள் பல்லாயிரம் சுற்றுக்களாக உள்ளன. அவற்றின் மேற்பூச்சு நலிந்திருந்தால், சூட்டில் மின்சாரம் குறுக்கு வழியிற் பாய்ந்துவிடும். கண்டென்சரும் சூட்டிற் கசியும். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டுகளைப் பாருங்கள். அவை கறுகிக் குழிவிழுந்திருந்தால் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பது முறை. அது சிறு செலவே. ஜீப்பின் பாயிண்டு இடைவெளி 0.020 அங்குலம், பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம். பிற வண்டிகளுக்கு அதனதன் கைநூலைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் நின்றிருக்கையில் சாவியைத் திறந்தபடியே விடுவது காயிலைக் கெடுக்கும். ரெசிஸ்டருடன் இயங்க வேண்டிய காயிலை அஃதின்றிப் பொருத்துவதும் அவ்வாறே.

ஸ்டார்ட்டர் தளர்ந்தால்

சூடான எஞ்சினில் எண்ணெய் இளகியிருப்பதால், அது குளிர்ந்த வேளையைவிட இலேசாகச் சுற்ற வேண்டும். மாறாக முனகினால், பழி பெரும்பாலும் மின் இணைப்புக்களைச் சேரும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிச் சூட்டிற்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 50 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். பாட்டரி முனைகளில் வெண்பூப் பூத்திருந்தாலோ, எர்த்துக் கம்பி துருவின்மேல் முடுக்கப்பட்டிருந்தாலோ, இந்தக் கூடுதற் சுமையை ஸ்டார்ட்டர் தாங்காது. ஆதலால் முதலில் முனைகளையும் எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 12 வோல்ட் பாட்டரியின் அழுத்தம் 9.6 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினால், பாட்டரியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். பாட்டரி நலமாகவிருந்தும் முனகல் நீடித்தால், ஸ்டார்ட்டரின் புஷ்கள் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் விட்டுவிட்டு எதிர்த்து உதைத்தால், டைமிங் முன்னேறியிருக்கிறது என்று கொள்க.

வால்வின் இடைவெளி

வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையே ஒரு நூலிழை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி மிகக் குறைந்திருந்தால், சூட்டில் வால்வு நீண்டு முழுவதும் மூடாமற் போகும், அழுத்தம் கசியும். குளிர்ந்தால் சரியாகிவிடும். கைநூலிற் கூறிய அளவுக்குத் திருத்துவதே இதற்கு வழி.

இன்றைய பெட்ரோலும் பழைய எஞ்சினும்

முன்பு இல்லாத ஒரு காரணம் இன்று சேர்ந்துள்ளது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரி 6ஆம் நாள் தொடங்கப்பெற்று, 2025ஆம் ஆண்டிற்குள் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் கிடைக்கும் எத்தனால் விவசாயிகளுக்கு ஒரு வருவாய் வழி என்பது மெய்யே. ஆயினும் பழைய எஞ்சின் வைத்திருப்போர் சிலவற்றை அறியவேண்டும். எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பது. பெட்ரோலுடன் சேரும்போது கலவையின் ஆவியாகும் தன்மை கூடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயாபிரத்தையும் அது உப்பச் செய்து நைய வைக்கும். டாங்கியில் படிந்த பழைய கசடைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவரும். நெடுநாள் நிற்கும் வண்டியில் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே எத்தனால் தாங்கும் குழாய்களையும் டயாபிரத்தையும் பொருத்துவதும், வடிகட்டியை அடிக்கடி பார்ப்பதும், மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமலிருப்பதும் அவசியம்.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறை எவ்வாறு பயன்படும் என்பதைக் காண்போம். ஒரு விவசாயி தம் பழைய ஜீப் வண்டியில் தக்காளிக் கூடைகளை ஏற்றிச் சந்தைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறக்கிவிட்டு இருபது நிமிடத்தில் வந்தால் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் வேகமாகவே சுற்றுகிறது; நான்காம் வகை நீங்கியது. பெட்ரோல் வாசனையில்லை, ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்தால் தாரை பாய்கிறது, முதலிரு வகைகளும் ஐயத்திலிருந்து விலகின. பிளக்கில் பொறி மஞ்சளாக மெலிந்து பாய்கிறது. இப்போது அவர் காயிலையும் பம்பையும் ஒருசேர நனைத்தால், வண்டி கிளம்பும். ஆனால் காரணம் தெரியாது. எனவே காயிலின் உடலில் மட்டும் ஈரத்துணியைச் சுற்றி, கம்பிகள் சேரும் தலைப்பில் நீர் படாமல் காத்து, சிறிது நேரம் பொறுத்து முயலுகிறார். பொறி நீலமாகிறது, வண்டி கிளம்புகிறது. குற்றம் காயிலில் என்பது ஏறக்குறைய உறுதி. கார்புரேட்டரையோ பம்பையோ மாற்றும் செலவு அவருக்கு மிச்சம்.

இதிலிருந்து கொள்ள வேண்டிய விதி இது: ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே குளிர்வியுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். எதைத் தொட்டதும் வண்டி கிளம்பிற்றோ, அதுவே பதில் சொல்லும்.

டிரைவரும் உரிமையாளரும் செய்ய வேண்டியவை

பாரம் இழுத்து வந்த வண்டியை உடனே நிறுத்தாமல், ஒரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துதல் நல்லது. தேங்கிய வெப்பத்தில் ஒரு பகுதி ரேடியேட்டர் வழியே கழியும். நிறுத்தியபின் நிழலில் வைத்துப் போனட்டைத் திறந்துவிட்டால் மற்றொரு பகுதி மேலெழுந்து போய்விடும். “கிளம்பாதே” என்ற அச்சத்தால் சந்தை முடியும்வரை எஞ்சினை ஓடவிட்டே வைப்பவர்கள் உண்டு. அது பெட்ரோலையும் காசையும் புகையாக்குவதன்றி வேறன்று.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். வண்டி அடம்பிடித்த நாள், நேரம், நின்ற நிமிடங்கள், வாசனை, தாரை, பொறி, ஸ்டார்ட்டரின் வேகம் ஆகியவற்றை அதிற் குறித்தால், மூன்றாம் முறைக்குள் கோளாறின் முகம் தெரிந்துவிடும். மெக்கானிக்கும் அதைக் கண்டு நேரே உரிய இடத்திற் கைவைப்பார்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பஞ்சாயத்தின் பெட்ரோல் எஞ்சின் எதுவாயினும், புதுப் பாகம் வாங்கக் கோரும் செலவுச் சீட்டு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சூடாயிருக்கும்போது சோதித்தீர்களா? பெட்ரோல் மிகுதியா, குறைவா, பொறிக் குறையா? எதைக் குளிர்வித்தபோது கிளம்பியது? இவற்றிற்கு விடை கூறக்கூடிய பணியாளரின் சீட்டில் தயக்கமின்றிக் கையொப்பமிடலாம். விடை இல்லையெனில், முதலில் சோதனை, பின்னரே செலவு. ஊர்ப்பணத்தில் ஒரு ரூபாயும் வீணாகாமலிருப்பதற்கு இது துணைபுரியும். அவசர வேளையில் நம்பி ஏறும் வண்டி நடுவழியில் நிற்காமலிருப்பதற்கும் இதுவே துணை.